செம்பில் வந்த பால்

எனக்கு எழுத வராது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள், இப்போது காகிதத்தில் பேச வந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இன்றைக்கும் நெஞ்சுவலி என்று யாராவது படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் படியேறும்போதே "தேறுமா, தேறாதா?" என்றுதான் கேட்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் பிட்டர். ஒருநாள் வேலை நேரத்தில் அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் பக்கத்தில் நின்ற என்னை விட்டுவிட்டு, வாசலில் நின்ற ஆண்களிடம் சொன்னார்:

"இவர் தப்புறது கஷ்டம். தப்பினாலும் இனி வேலைக்குப் போகேலாது. ஆஸ்பத்திரிக்கு ஏத்தி இறக்க வேண்டாம். இஞ்சையே ஆடாமல் அசையாமல் மல்லாந்து படுக்கட்டும். கதைக்கக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது. சாப்பாட்டைக் கரண்டியாலை குடுங்கோ."

என் வீட்டுக்காரர் துரைமார் சொல்லுக்குப் பழகியவர். டாக்டர் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் செய்தார். முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட விரட்ட மாட்டார், நான்தான் விசிற வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு கண்ணைத் திறப்பார். போதுமென்றால் மூடிக்கொள்வார்.

அதுவே வினையாகிவிட்டது. மல்லாந்து கிடந்து கரண்டியில் கஞ்சி வாங்கும் ஆளை எங்கள் ஜனங்கள் ஒரே ஒரு சமயத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் முதலில் சொன்னது தெரு முழுக்கப் போயிற்று, மற்றது வாசலோடு நின்றுவிட்டது. ஜோசியர் ஒருவர் யாரும் கூப்பிடாமலே வந்து, அமாவாசை தாண்டாது என்றார். பார்க்க வந்த ஓர் அம்மாள், பின்கட்டுக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருமா என்று விசாரித்தாள். வீடு காலியானால் அவள் மகனுக்குக் கிடைக்குமாம்.

"நல்லா வரும்க்கா," என்றேன். அதற்கு மேல் பதில் சொல்ல அன்றைக்கு எனக்குத் துணிவில்லை.

பிறகு கிள்ளானிலிருந்து அவருடைய மூத்த அக்காள், என் அண்ணி, வந்தார், உறவு ஜனங்களையும் கூட்டிக்கொண்டு. கையில் செம்பு நிறையப் பால். உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு உறவினர் ஒவ்வொருவராக வாயில் பால் விட்டு வழியனுப்புவது எங்கள் வழக்கம்.

"தள்ளிக்கம்மா. பாவம், எதை நெனச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கானோ. நம்ம கையால ரெண்டு சொட்டு ஊத்தினா நிம்மதியாப் போயிருவான்."

"அவரு இழுத்துக்கிட்டுக் கெடக்கல அண்ணி. டாக்டர் படுக்கச் சொன்னாரு, படுத்திருக்காரு."

"அந்த டாக்டரே கைய விரிச்சிட்டாராம். ஊரே சொல்லுது. நீ என்ன புதுசா?"

திரும்பிப் பார்த்தேன். அறைக்குள் அவர் இரண்டு கண்களையும் திறந்திருந்தார். செம்புப் பால் எதற்கென்று அவருக்குத் தெரியாதா? தன் அப்பாவுக்குத் தானே விட்டவர். நைந்துபோன அந்த நெஞ்சுக்கு இந்தப் பயம் ஒன்றே போதும். நோய் விட்டாலும் இவர்கள் விடமாட்டார்கள் போலிருந்தது.

அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் குறுக்கே நின்றேன். "யாரும் உள்ள போகக் கூடாது!"

"ஆம்பளைங்க நிக்கிற எடத்துல என்னம்மா சத்தம்?" என்றார் கூட வந்த பெரியவர்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்குப் பால் ஊத்த வந்திருக்கீங்க. சத்தம் போடாம தாலாட்டா பாடுவேன்?"

அண்ணி கையிலிருந்த செம்பை வாங்கினேன். வாங்கினேன் என்ன, பிடுங்கினேன். அடுப்பை ஊதி அந்தப் பாலைக் காய்ச்சி, சீனியைத் தூக்கலாகப் போட்டு, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தேன்.

"அடிப்பாவி, அந்தப் பாலையா!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

"மாட்டுப் பால்தானே அண்ணி. ஆறிப்போறதுக்குள்ள குடிங்க."

யாரும் தொடவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு கிளாஸை எடுத்து உறிஞ்சினார். "காப்பி நல்லாத்தான் இருக்கு லா," என்றார்.

அப்போது சாத்திய கதவுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "எனக்கும் ஒரு வாய்..."

"உங்களுக்குக் கெடையாது! பேசாம படுங்க!" என்றேன்.

அண்ணி கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு எவ்வளவு காலம் இருந்தார் என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். சொன்னால், டாக்டர் சொன்னது பலித்ததா, ஜோசியர் சொன்னது பலித்ததா என்று பார்க்கத் தொடங்குவீர்கள். அவர் அன்று சாயங்காலமே போயிருந்தாலும் நான் செய்தது சரிதான். மூச்சு இருக்கிறவரை அவர் என் வீட்டில் வாழ்ந்துகொண்டிருக்கிற மனிதர். அவரை முன்கூட்டியே அனுப்பிவைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

மறுநாள் டாக்டர் வந்து நாடி பார்த்தார். முன்பு சொன்னதையே சொன்னார். அண்ணி தம்பிக்குக் கரண்டியால் கஞ்சி கொடுத்துவிட்டு, மத்தியான ரயிலில் கிள்ளானுக்குப் போனார்.