சங்கராபுரம் ரோட்டில் ஒரு கடல் பயணம்

போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் செல்போனைக் காட்டினாள். ஒரு கணவன், மனைவி... பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றுகிறார்கள். “நீங்க இப்படிப் போயிருக்கீங்களா அத்தை?”

“போயிருக்கேனே!” என்றேன். “சங்கராபுரம் ரோட்டுல.”

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் கைத்தொழில் வாத்தியார். கடலையே பார்த்திராத எனக்கு, பிச்சாவரம் தீவுத் திட்டுகளைச் சுற்றிக் காட்டுவதாகக் கல்யாணத்தன்று வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காக மா பலகையில் ஒரு படகு செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். பாய்? நெல் மூடுகிற தார்ப்பாய்தான்!

டிரைவரோடு வாடகைக்குப் பேசிய டிராக்டரில் படகை ஏற்றிக் கிளம்பினோம். நாலு மைல் தாண்டியதும் டீக்கடைக்காரர் நிறுத்தினார்.

“எங்க போறீங்க? ரோடு பூரா புளியமரத்த வெட்டிப் போட்டுக்கினு இருக்காங்க. சாவுன்னா மட்டும்தான் வுடுறாங்க.”

என் வீட்டுக்காரர் படகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நான் படுத்துக்கிறேன்.”

சொன்னால் கேட்கிற ஆளா? படுத்துவிட்டார். தார்ப்பாயை இழுத்துக் கழுத்துவரை மூடினேன்.

முதல் மரம் வந்தது. துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா, படகுல வச்சிக்கினு வர்றீங்க?”

“அவருக்குக் கடல்னா உசுருங்க. கடலோரம் அடக்கம் பண்ணணும்னு கடைசி ஆசை...”

அழுகைதான் வரவில்லை. அப்போதுதான் கவனித்தேன் — மூன்று வேளைக்குக் கட்டிய புளிசோற்று மூட்டையின் மேல் மனிதர் படுத்திருக்கிறார்! பொங்கிப் பொங்கி அழுதேன். நின்றுபோன பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள்.

டிராக்டரை அங்கேயே நிறுத்திவிட்டு, ஆறு பேர் படகைத் தோளில் தூக்கி மரத்தைத் தாண்டி நடந்தார்கள். நான் பின்னாலேயே போனேன். பெரியவர் கையை நீட்டித் தடுத்தார்.

“நீ இங்கியே நில்லும்மா. பொம்பளைங்க இதுக்கு மேல வரக் கூடாது.”

இதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை! பிணத்தோடு பெண்கள் போவதில்லையே... கடல் பார்க்க வேண்டியவள் நான். போவதோ அவர் மட்டும். “நானும் வரேங்க!” என்று கத்தினேன். பெண்கள் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். படகு தூரத்தில் அசைந்து அசைந்து போனது. எனக்கு இப்போது நிஜமாகவே அழுகை வந்தது.

அவர் பேசாமல் படுத்திருந்தால் அடுத்த மரத்தையும் தாண்டியிருப்பார். ஆனால் படகில் பிணம் எழுந்து உட்கார்ந்தது.

“அவளும் வரணும்ங்க!”

அவ்வளவுதான். படகு கீழே, ஆட்கள் வயலில். ஒருவர் வெட்டிப் போட்ட புளியமரத்திலேயே ஏறிவிட்டார். படகின் அடிப்பலகை இரண்டாகப் பிளந்தது.

பெரியவர் துண்டை உதறிக்கொண்டு வயலிலிருந்து ஏறி வந்தார். “யோவ்! எங்க போராட்டத்துல வந்து பொணமா நடிக்கிறியா? வூடு போய்ச் சேர மாட்ட!”

அவர் சொன்ன தண்டனை இதுதான்: பாயைப் போராட்டக்காரர்களுக்குப் பந்தலாகக் கட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் கட்டினார். அந்த நிழலில், உடைந்த படகில் நாங்கள் இருவரும் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். நசுங்கிய புளிசோற்றை எல்லோரும் சாப்பிட்டார்கள். பெரியவர் இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார்.

கடலை அப்புறம் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். நிறையத் தண்ணீர் இருந்தது.

மருமகளிடம் சொன்னேன்: “பெண்டாட்டியைப் படகுல கூட்டிக்கினு போறவங்க ஆயிரம் பேர் இருப்பாங்கம்மா. பெண்டாட்டி வரலன்னு பொணம் எழுந்து உட்கார்ந்தது என் வூட்டுலதான்!”