கானாவாழை பூத்த மூலை

கடம்பூரை விட்டு நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முன்னால் மாமா, தலையில் துணிமூட்டை. பின்னால் நான், கையில் போளிப் பொட்டலம். பரீட்சை லீவுக்கு அம்மாவின் தம்பியான அவரிடம் போயிருந்தேன். போன மூன்றாம் நாளே, மாவு பிசைவது எப்படி என்று போளிக்கடை முதலாளிக்கு விளக்கப்போய் அவருக்கு வேலை போயிற்று. அந்த வருஷத்தில் அது நான்காவது வேலை.

"அத்தான்கிட்ட என்னலே சொல்ல?" என்று வழியெல்லாம் என்னையே கேட்டார். இன்னொரு வேலையை விட்டுவிட்டு வந்தால் வீட்டில் சோறு கிடையாது என்று அப்பா பொங்கலன்றே சொல்லியிருந்தார்.

எங்கள் புஞ்சையின் மூலைக்கு வந்ததும் மாமா மூட்டையைக் கீழே போட்டார். சித்திரை மாதம். கரிசல் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. அந்த மூலையில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை. அதில் நீலநீலமாகப் பூ.

"கானாவாழைலே. ஈரம் இல்லாம இது பூக்காது. அடியில ஊத்து இருக்கு" என்றார். அவர் முகத்தில் அப்போதே சோறு தெரிந்தது.

அப்பா அம்மாவோடு வந்து பார்த்தார். "விஷ்ணுகிராந்தியைக் கண்டதில்லையா நீ? அதுவும் நீலந்தான். கட்டாந்தரையிலயே பூக்கும்."

"அது சட்டைப் பித்தான் கணக்கா வட்டமா இருக்கும் அத்தான். இதுல எலிக்காது மாதிரி ரெண்டு இதழு நிக்கி, பாருங்க." பூவுக்கு அடியிலிருந்த மடலை மாமா பிதுக்கினார். கொழகொழவென்று நீர் அப்பாவின் உள்ளங்கையில் விழுந்தது. "விஷ்ணுகிராந்தில இது வருமா?"

அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"தம்பி சொல்லுதது சரிதான், தோண்டிப் பாருங்க" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் மொதல்ல சாப்பிடுங்க."

அன்று மாமா மூன்று வேளையும் சாப்பிட்டார். மறுநாள் முழங்கால் ஆழத்தில் சேறு வந்தது. இடுப்பு ஆழத்தில் தண்ணீர் கசிந்தது. யாரையும் புகழ்ந்தறியாத அப்பா, "நீ கெட்டிக்காரன்தான் மாப்ளே" என்றார். அந்த உற்சாகத்தில் மாமா கடப்பாரையை ஓங்கி இறக்கினார். டப்பென்று ஒரு சத்தம். ஆள் உயரத்துக்குத் தண்ணீர் பீச்சியடித்தது. அப்பா நனைந்தபடியே கைகூப்பினார்.

"பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணி வாசம் அடிக்குதுப்பா" என்றேன் நான்.

சற்று நேரத்தில், தண்ணீர் திறந்துவிடும் ஆள் மொபெட்டில் வந்து தலையில் கைவைத்தார். "மூணு ஊருக்குப் போற குடிதண்ணிக் குழா அண்ணாச்சி. ரொம்ப நாளா இங்கன ஒழுகியிருக்கு. ஒருத்தரும் சொல்லலியே."

ஊரே குடத்தோடு ஓடிவந்தது. அம்மா மட்டும் வெறுங்கையோடு வந்து ஓரமாக நின்றாள். ஊர்ப்பெண்களெல்லாம் தெருக்குழாயடியில் சண்டை போட்ட அந்தக் கோடையில், நான் கண்விழிக்கும் முன்பே எங்கள் வீட்டுக் குடங்கள் நிறைந்திருந்தன. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை. ஒழுகுவது குழாய் என்று தெரிந்தும், தம்பியின் இரண்டு நாள் சோற்றுக்காக அவள் அந்த மூலையை விட்டுக்கொடுத்தாள் என்பது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று. அன்று நான் தெரிந்துகொண்டது கானாவாழையை மட்டும்தான்.

மறுநாள் காலை குழாயைச் சரிசெய்ய வந்த காண்டிராக்டருக்குக் குழிவெட்ட ஆள் தேவைப்பட்டது. மாமா கடப்பாரையோடு தயாராக நின்றார். அப்போதே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஏற்கெனவே வெட்டியிருந்த பாதிக் குழிக்கும் கூலி கேட்டார்.