பூட்ஸ் பெட்டியில் அடை

மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கிப் பெட்டியைத் திறந்தேன். புதுத்தோல் வாசனையோடு சின்ன வயதில் ஆம்பூரில் வளர்த்த கோழியும் நினைவுக்கு வந்துவிட்டது.

அம்மா ஷூ கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பெரிய பூட்ஸ் பெட்டியில்தான் அதை அடை வைத்தோம். தெருப்பிள்ளைகள் நாங்கள் ஆளுக்கொரு முட்டை கொண்டுவந்து, கரியால் அவரவர் பெயரை எழுதிவைத்தோம்.

குஞ்சு பொரித்த காலையில் ஒரே சண்டை.

“என்னுது எது?” என்றான் பக்கத்து வீட்டு ரஃபீக்.

“ஓட்டு மேலதான்டா பேரு கீது. குஞ்சு மேல இன்னா எழுதியிருக்குது?” என்று அம்மா சிரித்தாள்.

யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. அதனால் பருந்து வட்டமிட்டால், தன் குஞ்சாக இருக்குமோ என்று தெருவே கத்திக்கொண்டு ஓடிவரும். ஒன்றுகூடப் பறிபோகவில்லை.

“பெட்டி வேணாம்பா, தூக்கிப் போட்டுடவா?” என்றாள் மகள்.

பிடுங்கிக்கொண்டேன்.