வாளியில் ஒரு வேப்பங்கொத்து

அக்காவைப் பெண் பார்க்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து வருகிறார்கள் என்ற அன்றைக்குப் பார்த்து, விளாங்குடியில் எங்கள் தெருக் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. பஸ் ஸ்டாப்பைத் தாண்டி வயல்காட்டுப் பம்புசெட்டுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவரும் பாடு, ஒன்பது வயதுப் பெண்ணான என் தலையில் விழுந்தது.

முதல் நடை கண்றாவி. நான் எட்டு வைக்க வைக்க வாளித் தண்ணீரும் கூடவே ஆடி, பத்தடிக்குள் விளிம்பேறிக் குதித்தது. நின்றால் நேரம் போகும், நடந்தால் தண்ணீர் போகும். அரை வாளியோடு வந்து நின்ற என்னை, கேசரி கிண்டிக்கொண்டிருந்த அம்மா பார்த்த பார்வையில் அழுகையே வந்துவிட்டது. மறுநடை கிளம்பும்போது அக்கா ஒரு வேப்பங்கொத்தை என் கையில் திணித்தாள்.

"தண்ணிமேல போட்டுக்கடி. தளும்பாது."

சத்தியமாகத் தளும்பவில்லை. எழும்பிய அலை இலைகளுக்குள் புகுந்து, முட்டி மோதி, விளிம்பைத் தொடுமுன்பே ஓய்ந்துபோனது. அப்படியும் எனக்குப் பயம் விடவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெரியம்மா, நாலைந்து பேரோடு நின்று வழி விசாரித்துக்கொண்டிருந்தார். வாளியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "நீ எந்த வீடு தாயி?"

"கண்டக்டர் வீடு."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்திருக்கா. அந்த வாசல மிதிக்கக் கூடாது. வாங்க, திரும்பிருவோம்."

அம்மை கண்டவர்களைக் குளிப்பாட்டத்தான் வேப்பிலைத் தண்ணீர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லையென்று கத்த வாயெடுப்பதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

மதியம்வரை வீட்டில் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள், நான் மட்டும் தரையைப் பார்த்தேன். சாயங்காலம் தரகர் வந்து விஷயத்தை உடைத்ததும் அம்மா கரண்டியோடு என்மேல் பாய்ந்தாள்.

"ஒனக்கு வேற எலையே கெடைக்கலையாடி?"

அக்கா குறுக்கே புகுந்து அந்த அடியை வாங்கிக்கொண்டாள். நானும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாவம், உதவி செய்யப் போய்த் தன் கல்யாணத்தையே கெடுத்துக்கொண்டாளே என்று விம்மி விம்மி அழுதேன். தன் பங்குக் கேசரியையும் அவள் எனக்கே ஊட்டிவிட்டாள்.

அந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. பூவரச இலை போட்டாலும் தண்ணீர் தளும்பாது என்பதும் தெரியாது. பூவரசு எங்கள் வாசலிலேயே நின்றது. வேப்பங்கொத்துக்கு அக்கா இரண்டு தெரு தள்ளிப் போய்வந்திருந்தாள்.