மூங்கில் நிழலில் புங்கங்கன்றுகள்

உறுவையாறு கிராமத்தில் எங்கள் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் மூங்கில் தோப்பை யாரும் வெட்டிப் பல வருஷமாகிறது. தாவரவியல் படிக்கும் என் மகள், அந்த இருட்டில் தானாக முளைத்த புங்கங்கன்றுகளுக்கு நூல் கட்டி வாராவாரம் இலைகளை அளந்துவந்தாள். போன மாதம் அவள் காலருகே ஒரு நல்லபாம்பு ஊர்ந்து போனதைப் பார்த்தேன். அந்தப் பயம் இன்னும் எனக்குப் போகவில்லை.

அவள் கல்லூரிக்குப் போயிருந்த ஒரு நாள் ஆள் வைத்து மூங்கிலைக் கழித்துவிட்டேன். கன்றுகளை யாரும் மிதித்துவிடாதபடி கூடவே நின்றேன். தரையில் வெயில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான்காம் நாள் இலைகள் வெளுத்து, ஓரம் கருகிவிட்டன.

"இன்னாமா பண்ணி வெச்சிருக்க? இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தப் புடிக்கத்தான் எலைய அகலமா, மெல்லிசா விரிச்சி வெச்சிருந்துது. திடீர்னு வெயில் அடிச்சா தாங்குமா?"

"பாம்புடி..."

"பாம்பு அன்னைக்கே ஓடிடிச்சி. நீதான் இன்னும் ஓடிக்கினு இருக்க."

இருவருமாகத் தென்னை ஓலைகளால் பந்தல் போட்டோம். கருகிய இலை தேறாது, இனி வரும் இலைதான் வெயிலுக்குத் தக்கபடி தடித்து வரும், அதனால் வாரம் ஓர் ஓலையாக எடுக்க வேண்டும் என்றாள். நான்கு கன்றுகள் சின்னதாய், கெட்டியாய்த் துளிர்த்திருக்கின்றன.

இன்று மூன்றாவது ஓலையை எடுக்க வேண்டிய நாள். இரண்டு முறை போய், எடுக்காமலே திரும்பினேன். கடைசியில் அவள்தான் போய் எடுத்தாள். காலில் செருப்பு இருக்கிறதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.