சத்தம் போடாத பெட்டி

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் கணவருக்கு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. காதுக்கருவி பொருத்திக்கொண்டு வந்த பிறகான முதல் ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து வழக்கம்போலப் படம் பார்க்க உட்கார்ந்தோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

“என்னாச்சுங்க?”

“கம்ப்யூட்டர் கத்துது. வசனத்தைவிட அதுதான் பெருசா கேக்குது.”

பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் வாடகை வீட்டு ஹால் பத்தடிதான். டி.வி.யோடு இணைத்திருந்தது, அவர் அலுவலகத்தில் வேண்டாமென்று கழித்த பழைய கம்ப்யூட்டர். அதன் ஃபேன் இரைவது எனக்கு எப்போதோ பழகிவிட்டது. காதுக்கருவியோ பேச்சையும் இரைச்சலையும் ஒன்றாகத் தூக்கிக் கொடுத்தது. அடுத்த ஞாயிறு அவர் ஹாலுக்கே வரவில்லை. “நீ பாரு” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அதுதான் என்னை உட்கார விடவில்லை.

அன்றிலிருந்து எந்நேரமும் போனில் சின்னக் கம்ப்யூட்டர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில், கேன்டீன் வரிசையில், அடுப்பில் குக்கர் இருக்கும்போது. சத்தமே இல்லை என்று ஒருவர் எழுதியிருப்பார். கீழேயே இன்னொருவர், மிக்ஸி மாதிரி இரைகிறது என்பார். கடைசியில் பொறுமை போய் ஒன்றை வரவழைத்தேன். அவர் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, “மெல்லிசா விசில் அடிக்குது” என்றார். நான் காதை அதன்மேலேயே வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளே திருப்பி அனுப்பினேன்.

அவர் காதுக்கு வேண்டியதை என் காதை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சனிக்கிழமை, கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியிருக்கும் எஸ்.பி. ரோட்டுக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். “அந்தக் கூட்டத்துல இதைப் போட்டுக்கிட்டு நடந்தா தலை வெடிச்சிரும்” என்று கருவிகளைக் கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டார். ஹாரன் எதுவும் கேட்காததால் தெருவைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷத்தில் அவர் அப்படிப் பிடித்ததில்லை. நான் இன்னும் வேகமாக நடந்தேன்.

மாடியில் ஒரு கடை. கன்னடத்தில் ஆரம்பித்த கடைக்காரர், நான் இவர் காதருகே சத்தமாகப் பேசியதைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். விஷயத்தைச் சொன்னதும் கதவைச் சாத்தி, சீலிங் ஃபேனையும் நிறுத்தினார். “சார் மட்டும் சொல்லட்டும். மேடம், நீங்க பேசக்கூடாது.”

என் கணவர் கருவிகளை மாட்டிக்கொண்டார். முதல் பெட்டிக்கு, “இரையுது.” இரண்டாவதுக்கு, “இதுவும்தான். கொஞ்சம் கம்மி.” எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மூன்றாவது, டிபன் பாக்ஸ் அளவு, மேலெல்லாம் அலுமினிய வரிகள். அவர் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார்.

“ஆன் பண்ணிட்டீங்களா?”

கடைக்காரர் மானிட்டரைத் திருப்பிக் காட்டினார். ஒலியில்லாமல் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது.

“இதுல ஃபேனே கிடையாது சார். சூடாகும், மேல துணி கிணி போட்டு மூடாதீங்க. கேம் எல்லாம் ஓடாது. படம் நல்லா ஓடும்.”

யாரோ கொஞ்ச நாள் வைத்திருந்து விற்றது, அதனால் எங்கள் கைக்கு எட்டும் விலைதான். ஆனாலும் என்னால் நிறுத்த முடியவில்லை. இதைவிடப் புதுசு இருக்கா, மெமரி கூட்டலாமா, வாரன்டி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் அந்தப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“போதும்மா. இதுதான்.”

மறுநாள் மதியம் படம் போட்டோம். அரை மணி நேரம் அசையாமல் இருந்தவர் சட்டென்று எழுந்தார். எனக்குத் திக்கென்றது. சமையலறைப் பக்கம் போய் ஏதோ சுவிட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஃப்ரிட்ஜ். ரெண்டு மணி நேரத்துல பால் ஒண்ணும் கெட்டுப் போகாது.”