செலஸ்ரீனாவின் மூக்கு

அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே சிரோக்கோ அடித்துக்கொண்டிருந்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று வீசத் தொடங்கினால் சிசிலியின் பலெர்மோவில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளாது. நாய்கள்கூட இடம் மாற்றி மாற்றிப் படுக்கும். ஒரேத்தோ வீதியில், நான்காம் மாடி வீட்டில், செலஸ்ரீனா ஒரே சட்டையை இரண்டாம் தரம் அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றாள்.

"எத்தினை மணிக்குப் போறாய்?" என்று வலன்ரைன் சப்பாத்து நாடாவைக் கட்டியபடி கேட்டான்.

"ரெண்டு மணிக்கு."

"முன் வாசலாலையோ, பின்பக்கத்தாலையோ வேலையாக்களை உள்ளுக்கை விடுவினம்?"

அவளுடைய கை நின்றது. "பின்பக்கத்தாலைதான். என்னத்துக்குக் கேக்கிறியள்?"

"சும்மா."

சும்மா கேட்கிற ஆளில்லை அவன். கலியாணம் முடித்து இருபத்தியொரு வருடத்தில் அவள் எந்த வீட்டுக்கு எந்த வாசலால் போகிறாள் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. விருந்துகளுக்குப் பரிமாற ஆள் அனுப்பும் ஒரு கொம்பனியில் அவனுக்கு வேலை. அன்றைக்கு மொண்டெல்லோவில் ஒரு கலியாண வீடு என்று சொல்லியிருந்தான். கறுப்புக் காற்சட்டையும் மேலங்கியும் பையில் இருந்தன. கதவைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்து, "கையை வெட்டிப் போடாதை, கிளாஸ் கவனம்" என்றான். படியிறங்கும் சத்தம் அடங்கும் வரைக்கும் அவள் அசையவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், பழைய சுங்கக் கிடங்கு ஒன்றில், ஒவ்வொரு ஒக்டோபரும் ஒருநாள் பேர்பன் விழா நடக்கும். பேர்பன் என்றால் சோளத்தில் வடித்து, உட்பக்கம் நெருப்பில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் போட்டு வைக்கும் அமெரிக்க விஸ்கி. அந்த விழாவில் கிளாஸ் கழுவப் போவதாகத்தான் செலஸ்ரீனா நான்கு வருடமாக வீட்டில் சொல்லிவந்தாள். அவள் கழுவப் போகவில்லை. நுழைவுச்சீட்டு எடுத்துக்கொண்டு, மற்றவர்களைப் போல முன் வாசலால் போனாள்.

அவள் மன்னாரில் பேசாலைக்காரி. இருபத்திரண்டு வயதில் பலெர்மோவுக்கு வந்து, பதினெட்டு வருடம் வீடு துடைத்தாள். பிறகு முழங்கால் நோகத் தொடங்கியதும் மொண்டெல்லோவில் ஒரு பாரில் கிளாஸ் கழுவும் வேலை கிடைத்தது. வெறுங் கிளாஸை மெஷினில் வைக்க முன்னம் மோந்து பார்க்கிற பழக்கம் எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது. அந்த மணங்கள் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தன. ஒன்றில், அவள் முதன்முதல் வேலை செய்த வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் அலுமாரி மெழுகு. இன்னொன்றில், ஒரு வழக்கறிஞரின் தோல் கதிரை. வேறொன்றில், அடுப்பில் பிடித்துப்போன சீனிப்பாகு. பதினெட்டு வருடம் முழந்தாளில் நின்று துடைத்த வீடுகளெல்லாம் கிளாஸின் அடியில் கிடந்தன.

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் கிளாஸைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, "நீங்கள் வழமையாகக் குடிக்கிறது இது இல்லையே" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டாள். போத்தல்களை எடுத்துப் பார்த்தார்கள். பார்க்காரப் பொடியன் அவசரத்தில் வேறொன்றை ஊற்றியிருந்தான். அந்த வாடிக்கையாளர்தான் நூன்சியோ. ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர், மனைவி இல்லாதவர், பேர்பன் பைத்தியம். திங்கட்கிழமைகளில் தன் வீட்டைத் துப்புரவாக்க வரமுடியுமா என்று கேட்டார். போனாள். துடைத்து முடிந்ததும் மேசையில் மூன்று சின்னக் கிளாஸ்கள் இருக்கும். நகரசபை பஸ் ஓட்டும் அகாத்தாவும் வந்துசேருவாள். மூவருமாக மோந்து, ஒரு மிடறு நாக்கில் வைத்து, சண்டை பிடிப்பார்கள். செலஸ்ரீனா சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவளிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டு, அதை எழுதியும் வைத்தது அந்த மேசையில்தான்.

இதை வீட்டில் சொல்ல முடியாததற்குக் காரணம் கோயில் சனமில்லை. அவர்கள் கதைப்பார்கள்தான், பாட்டுக் குழுவில் இருந்து விலத்தியும் விடுவார்கள். அதை அவள் சமாளிப்பாள். காரணம் வலன்ரைனின் நேர்த்திக்கடன். மகள் றம்யாவுக்குப் பத்து வயதில் இருதயத்தில் ஒப்பரேஷன் நடந்தபோது, அவன் பெல்லெக்ரீனோ மலையில் வெறுங்காலோடு ஏறி, ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம், "பிள்ளை பிழைச்சால் இனிக் குடிக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தான். பிள்ளை பிழைத்தாள். இப்போது பொலோஞ்ஞாவில் படிக்கிறாள். ஒன்பது வருடமாக அவன் ஒரு பியர்கூடத் தொடவில்லை. கலியாண வீடுகளில் தட்டுத் தட்டாகத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணீர் குடித்தான். அப்படிப்பட்ட மனிதனிடம் என்னவென்று சொல்வது?

இரண்டரை மணிக்குக் கிடங்கின் முன் வாசலில் அகாத்தா அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். "ஏன் இப்படி நிலைகொள்ளாமல் நிற்கிறாய்?"

"சிரோக்கோ" என்றாள் செலஸ்ரீனா.

உள்ளே நூற்றுக்கணக்கான ஆட்கள். கூரை ஓடுகளைக் காற்று தட்டிக்கொண்டிருந்தது. விழாவில் முக்கியமானது போட்டி. மூன்று பேர் ஒரு குழு, பெயர் ஒட்டாத நாலு கிளாஸ், இருபது நிமிடம். எதில் ரை தானியம் கூட, எதில் கோதுமை, எது எத்தனை வருடம் என்று எழுதவேண்டும். போன வருடம் இவர்கள் இரண்டாவதாக வந்தார்கள். இந்த வருடம் முதலாவது என்று நூன்சியோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அவள் கதிரையில் இருந்தாள், எழும்பினாள், மறுபடி இருந்தாள். முன் வாசலோ, பின் வாசலோ என்று அவன் கேட்டது தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் கிடங்கின் மறு கோடியில் தண்ணீர்ச் சாடியோடு ஒருவன் போவதைக் கண்டாள். வலது தோள் கொஞ்சம் இறங்கிய நடை. முகம் தெரியவில்லை. கறுப்பு மேலங்கி போட்டவர்கள் அங்கே முப்பது பேர் இருப்பார்கள். கலியாண வீடு மொண்டெல்லோவில்தானே என்று தனக்குத்தானே சொன்னாள்.

"இடம் மாறுவமா? இஞ்ச வெளிச்சம் கண்ணுக்குள் அடிக்குது" என்றாள் அகாத்தாவிடம்.

அகாத்தா மாறி இருந்தாள். இரண்டு நிமிடத்தில், "இல்லை, முந்தி இருந்த மாதிரியே இருப்பம்" என்றாள் செலஸ்ரீனா.

"உனக்கு இண்டைக்கு என்ன பிடிச்சிருக்கு?" அகாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நூன்சியோ கண்ணாடியைத் துடைத்தபடி, "அவளை விடு, மூக்குக்கு அமைதி வேணும்" என்றார்.

மணி அடித்தார்கள். முதலாவது கிளாஸ் சுகமாகப் பிடிபட்டது. தோடம்பழத் தோலும் மிளகும், ரை. இரண்டாவது இளசு. மூன்றாவது நன்றாகக் கிழடு தட்டியது, பூட்டிக் கிடந்த அலுமாரியைத் திறந்த மாதிரி. அகாத்தா எழுதிக்கொண்டே வந்தாள். நான்காவதை எடுத்து மூக்கில் வைத்தாள் செலஸ்ரீனா. ஒன்றுமே இல்லை. வெறும் ஸ்பிரிட். மூக்கு அடைத்துப்போயிற்று. கண்ணை மூடி மறுபடி முயன்றாள்.

கண்ணைத் திறந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் வலன்ரைன் நின்றான்.

அவன் அவளையும், அவள் கையிலிருந்த கிளாஸையும், சட்டையில் குத்தியிருந்த போட்டி இலக்கத்தையும் பார்த்தான். பிறகு சாடியைச் சரித்து, மூன்று பேருக்கும் தண்ணீர் வார்த்தான். ஒரு துளி சிந்தவில்லை.

"கிறாற்சியே" என்று நன்றி சொன்னார் நூன்சியோ, தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"கிளாஸ் கழுவிற இடத்திலை உன்னை ரெண்டு தரம் தேடினனான்" என்று வலன்ரைன் மெல்லத் தமிழில் சொன்னான். "அப்பிடி ஒரு ஆளே இல்லையாம்." அடுத்த மேசைக்குப் போய்விட்டான்.

செலஸ்ரீனா எழும்பினாள்.

"எங்கே போறாய்? இன்னும் ஆறு நிமிடம்தான்!" என்றாள் அகாத்தா.

"அவர் என் மனுசன்" என்றாள். கிளாஸை வைத்துவிட்டுப் போனாள். நூன்சியோ அரைவாசி எழும்பியபடி அப்படியே நின்றார்.

சமையலறைக்குப் போகும் ஒடுங்கிய வழியில், வெற்றுப் போத்தல் பெட்டிகளுக்கு நடுவில் அவனைப் பிடித்தாள்.

"நீங்கள் கலியாண வீடெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"நான் கேட்டு வாங்கின வேலை இது" என்றான். குரல் உயரவில்லை. "மனிசிக்கு முழங்கால் ஏலாது, அவள் வேலை செய்யிற இடத்துக்கு என்னை விடு எண்டு முகாமையாளரைக் கெஞ்சினனான். பின்னேரம் வந்து, நீ இரு, நான் கழுவுறன் எண்டு சொல்லுவம் எண்டு. நீ அங்கை ராசாத்தி மாதிரி இருக்கிறாய்."

அவள் சட்டையில் குத்தியிருந்த இலக்கத்தைக் கழற்றினாள்.

"எத்தினை வருசம்?"

"நாலு."

"குடிக்கிறனியோ?"

"ஒரு மிடறு. கூட இல்லை. எனக்கு மணம்தானப்பா. மணந்து சொல்ல எனக்குத் தெரியும். நான் சொன்னால் அவையள் எழுதினம்."

"அப்ப திங்கக்கிழமையிலை?"

"அதுவும்."

அவன் சுவரில் சாய்ந்தான். முகம் ஒருமாதிரிப் போயிற்று. "எனக்கு மணக்கிறேல்லை எண்டு நினைச்சியோ? ஒவ்வொரு திங்கக்கிழமையும் மணக்கும். நான் அந்தக் கிழவன்ரை வீட்டு மணம், உன்ரை உடுப்பிலை பிடிச்சிருக்குதெண்டு நினைச்சன். பாவம், தனிச்ச மனுசன், குடிச்சுச் சாகப்போகுதெண்டு சாந்தா ரொசாலியாட்டை அவருக்காண்டியும் மண்டாடினனான். ரெண்டு வருசமா!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அது பாதியில் அழுகையாகிவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"நீ குடிக்கிறாய் எண்டு கோவமில்லை" என்றான். "அந்த மணம் வீட்டுக்கை வரேக்கை எனக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சியே? நான் யன்னலடியிலை போய் நிப்பன். நீ கவனிச்சதே இல்லை."

உண்மையில் அவள் கவனித்ததில்லை. காற்று வாங்குகிறான் என்று நினைத்திருந்தாள்.

உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மேலங்கியை இழுத்துச் சரிசெய்துகொண்டு போனான்.

அவள் மேசைக்குத் திரும்பியபோது தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான்காவது கிளாஸ் அப்படியே இருந்தது. சும்மா எடுத்து மூக்கில் வைத்தாள். பாலில் ஊறிய பாணின் மணம் உடனே ஏறியது.

"கோதுமை" என்றாள்.

அகாத்தா தலையில் கை வைத்தாள். "நான் ரை எண்டு எழுதினேன்."

ஐந்தாவது இடம் வந்தது. நூன்சியோவுக்கு முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் வெளியே போகும்போது, "உன் மனுசனிடம் நான் மன்னிப்புக் கேட்கவேணுமா?" என்று கவலையோடு கேட்டார். "வேண்டாம். அவர் உங்களுக்காக நிறையச் செபம் செய்திருக்கிறார்" என்றாள் செலஸ்ரீனா. அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கோ தோற்றது உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுப் பிரச்சினை இப்படி இருக்க, ஒரு கிளாஸுக்காக மனம் அடித்துக்கொள்கிறதே என்று தன்மேல் எரிச்சலும் வந்தது.

ஆறு மணிக்குப் பின் வாசலில் அவனுக்காகக் காத்திருந்தாள். பஸ் வந்தும் இருவரும் ஏறவில்லை. காற்று மணலை வாரி அடிக்க, ரயில் நிலையம் வரை நடந்தார்கள். நிலையத்தைத் தாண்டியதும் அவள் சொல்லத் தொடங்கினாள். முதல் கிளாஸ், சிஞ்ஞோராவின் அலுமாரி, நூன்சியோவின் மேசை, போன வருடம் இரண்டாமிடம் வந்ததற்குக் கிடைத்த சின்னப் பதக்கம் அரிசி வாளிக்குள் கிடப்பது, எல்லாம். வீட்டு வாசலில்தான் அவன் வாய் திறந்தான்.

"நாளையிண்டைக்குத் திங்கக்கிழமை. போவியோ?"

பொய் சொல்வதற்கு இனி ஒன்றும் இல்லை. "ஓம், போவன்."

"அப்ப துடைக்கப் போறன் எண்டு மட்டும் சொல்லாதை."

அது அனுமதியில்லை என்று அவளுக்குத் தெரியும். சண்டையும் இல்லை. திங்கட்கிழமை போனாள். வந்ததும் நேரே குளியலறைக்குப் போய் முழுகி, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் கூடத்துக்கு வந்தாள். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. சில திங்கட்கிழமைகளில் அவன் சாதாரணமாக இருந்தான். சிலவற்றில், அவள் வருகிற நேரம் பார்த்துப் பல்லரோச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போய்விட்டான். சந்தை பூட்டுகிற நேரத்தில் அங்கே என்ன மரக்கறி இருக்குமென்று அவள் கேட்கவில்லை. றம்யாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அவள் மூச்சு முட்டச் சிரித்துவிட்டு, பிறகு, "அப்பா பாவமம்மா" என்றாள். அந்த ஒரு சொல் இரண்டு கிழமை செலஸ்ரீனாவைத் தூங்க விடவில்லை.

அடுத்த ஒக்டோபரில் அந்த விழாவுக்குத் தன்னைப் போடவேண்டாம் என்று வலன்ரைன் கொம்பனியில் சொல்லிவிட்டான். செலஸ்ரீனா போனாள். இரண்டு மணிக்குப் புறப்படுகையில் அவன் சாந்தா ரொசாலியாவின் மலைக்குப் போகிற சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தான். அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.